ஏஆர்-3ஏ ஜோடியோடு ஐந்து வாரம்

மார்ச் 9, 2024, சனி

கடைசியில் கிடைத்துவிட்டது. வூஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நிலவறை மூலையில் பழைய போர்வை மூடிக் கிடந்தது ஒரு ஜோடி ஏஆர்-3ஏ ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் 24 கிலோ, காருக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. வால்நட் மரத்தில் இரண்டு கீறல், அவ்வளவுதான். முன்துணியைக் கழற்றிப் பார்த்தால், அடிச் சத்தம் தரும் ஊஃபரின் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு விரல் பட்டதும் கரி மாதிரி உதிர்ந்தது. இந்த வயதில் இது எல்லா ஃபோமுக்கும் வருவதுதான்.

இந்த ஜோடியை நான் இத்தனை வருடம் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து இங்கே மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில்தான் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியை ஆரம்பித்தார். அதுவரை ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பெட்டி அலமாரி அளவுக்கு இருக்க வேண்டும். கூம்பைத் திரும்ப இழுக்கும் வேலையை இறுக்கமான விளிம்பிடம் கொடுக்காமல், நன்றாக மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்தார் வில்ச்சர். காற்று ஒழுங்கான ஸ்பிரிங், அதனால் சிதைவும் குறைந்தது. 3ஏ வந்தது 1967இல்: 12 அங்குல ஊஃபர், நடுச் சத்தத்துக்கு ஒன்றரை அங்குலக் குமிழ் மிட்ரேஞ்ச், உச்சச் சத்தத்துக்கு முக்கால் அங்குலக் குமிழ் ட்வீட்டர்.

மார்ச் 10, ஞாயிறு

முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. ஊஃபரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், பின்பக்கம் திறக்காது. கண்ணாடிப் பஞ்சை எடைபோட்டு, பெட்டிவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி வைத்தேன். அதன் அளவு மாறினால் காற்றின் நடத்தையே மாறிவிடும்.

ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள்ளே கெட்டுப்போனதை மட்டும் மாற்றுவேன், புதிய பொறியியல் எல்லாம் பெட்டிக்கு வெளியே. நாளைக்கு இதை வாங்குகிற ஒருவர் ஒரு வயரைப் பிடுங்கினால் 1967இல் நினைத்த ஸ்பீக்கர் அவருக்குக் கிடைக்க வேண்டும். உள்ளே நவீன ட்வீட்டரை வைத்து, முகப்பை அறுத்து, பெயரை மட்டும் வைத்துக்கொள்வது மேம்படுத்தல் ஆகாது.

மார்ச் 16, சனி

கிராஸ்ஓவர், அதாவது சத்தத்தைப் பிரித்து ஊஃபர், மிட்ரேஞ்ச், ட்வீட்டருக்கு அனுப்பும் சுற்று. 150, 50, 6 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்கள். ட்வீட்டருக்குப் போகும் 6 இப்போது அளந்தால் 7.3 காட்டுகிறது. மூன்றையும் மாற்றிவிட்டேன். பளபளக்கும் ஃபிலிம் கபாசிட்டரை அப்படியே போட்டால் சத்தம் கொஞ்சம் கூசும், ஏனென்றால் பழையதில் இருந்த உள்மின்தடையையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் ஃபிலிம் போட்ட இடத்தில் அரை ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தேன். பின்னால் இருக்கும் இரண்டு அளவுத் திருகுகளும் உள்ளே பச்சை பூத்திருந்தன, பிரித்துத் தேய்த்ததும் ஒன்று உயிர் பெற்றது, மற்றது பெறவில்லை.

மார்ச் 23, சனி

இன்றைக்கு மனசு விட்டுப்போனது. போன வாரம் ஒட்டிய புது ஃபோம் காய்ந்ததும், ஊஃபரைப் பெட்டியில் போடாமல் தனியாக வைத்து ஒத்ததிர்வை, அதாவது கூம்பு தானாகவே அதிர விரும்பும் வேகத்தை, அளந்தேன். 18 ஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டியது 26 காட்டியது. விற்றவர் இந்த மாடலுக்கென்றே செய்தது என்று சொன்ன ஃபோம், கையில் பிடித்தாலே விறைப்பு தெரிகிறது. போதாததற்கு இரண்டாவது ஊஃபரில் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, 30 ஹெர்ட்ஸில் உரசுகிறது.

பிய்த்து எறியக் கத்தியை எடுத்துவிட்டேன், அப்புறம் எதற்கும் பார்ப்போம் என்று உரசாததை மட்டும் பெட்டியில் பொருத்தி அளந்தால், 47 ஹெர்ட்ஸ். அசலுக்குச் சொல்லப்படுவது 43. வெளியே எட்டு ஹெர்ட்ஸ் தவறு, உள்ளே போனதும் நான்காகச் சுருங்கிவிட்டது!

ராத்திரி முழுக்க இதே யோசனைதான். கணக்கு இப்படி: ஒத்ததிர்வின் வர்க்கம் விறைப்போடு சேர்ந்து ஏறும். 43இன் வர்க்கம் 1849, 18இன் வர்க்கம் 324. மிச்சம் 1525 காற்றினுடையது, அதாவது மொத்த விறைப்பில் நூற்றுக்கு 82 பங்கு. விளிம்பு வெறும் 18 பங்கு. அந்த 18 பங்கில் நான் எவ்வளவு தப்பு செய்தாலும் காற்று தாங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்குக் கணக்கு வகுத்த பொறியாளர்கள் தீல் 1961இல் எழுதி, ஸ்மால் எழுபதுகளில் விரித்த அளவைகளை வைத்துக்கொண்டு நான் இதைப் பத்து நிமிஷத்தில் போட்டுப் பார்க்கிறேன். அவை எதுவும் இல்லாத 1954இல் வில்ச்சர் இதைக் கண்டிருக்கிறார்.

மார்ச் 30, சனி

மென்மையான ஃபோம் வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டு ஊஃபருக்கும் மறுபடி ஒட்டினேன், இந்த முறை பசை இறுகும்வரை 30 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் குறைவாக ஓடவிட்டு, கூம்பு தானாகவே நடுவில் உட்காரும்படி. தனியே 20, பெட்டியில் 44. ஊஃபர் உட்காரும் வாயைச் சுற்றிப் புது மண்சாந்து, எலக்ட்ரீஷியன்கள் குழாய் அடைக்கப் போடுவார்களே அது. கசிவு பார்க்க ஒரு சுலப வழி: கூம்பை மெதுவாக அமுக்கிவிட்டால் தயங்கித் தயங்கித் திரும்ப வேண்டும், டப்பென்று திரும்பினால் எங்கேயோ காற்று போகிறது. இரண்டும் தயங்கின.

ஏப்ரல் 6, சனி

இன்றுதான் வெளியே வைக்கும் வேலை. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒலியை எண்ணாக்கித் திருத்தும் சின்ன டி.எஸ்.பி. பெட்டி, அதில் லிங்க்விட்ஸ் மாற்றம் என்னும் திருத்தம். மூடிய பெட்டியின் ஒத்ததிர்வையும், அந்த இடத்தில் சத்தம் எவ்வளவு புடைக்கிறது என்று சொல்லும் க்யூவையும் சரியாக அளந்து கொடுத்தால், அவை வேறு மதிப்பில் இருப்பது போல மின்சாரத்திலேயே திருத்திவிடலாம். ஓட்டை வைத்த பெட்டிகளில் இது இவ்வளவு சுத்தமாக வராது.

முதலில் ஆசைப்பட்டு 44இலிருந்து 30க்கு இறக்கினேன். அடி பேஸுக்கு ஆறரை டெசிபல் கூடுதல், அதாவது நான்கரை மடங்கு வாட். சத்தம் ஏற்றியதும் கூம்பு பயமுறுத்தும் தூரம் ஓடியது. 34இல், க்யூ 0.7இல் நிறுத்திக்கொண்டேன். நான்கரை டெசிபல், மூன்று மடங்குக்கும் குறைவான வாட். ஐம்பது வருஷத்து ஊஃபரிடம் இதுக்கு மேல் கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று, இவை சுவரோடு ஒட்டிய புத்தக அலமாரிக்காகச் செய்தவை. நான் ஸ்டாண்டில் வைத்திருப்பதால் சுவர் கொடுக்கும் வலு போய், கீழ் மத்தியில் மெலிந்துவிடுகிறது. மைக்கை வைத்து அளந்து, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக மூன்று டெசிபல் ஏற்றினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாயசம் ஆனதும் மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் கும்கி இழுக்கும்போது சுருதி கீழிருந்து வளைந்து ஏறுமே, சின்ன ஸ்பீக்கர்களில் அது வெறும் தும் என்று போய்விடும். இதில் கை தோலை அழுத்துவது தெரிகிறது, வளைவு முடிகிற இடமும் தெரிகிறது. டி.எஸ்.பி.யை அணைத்தும் கேட்டேன். தொப்பி கொஞ்சம் பருத்து, கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனாலும் அழகாகவே இருக்கிறது. அணைத்தாலும் நன்றாக இருப்பதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வலது முகமான வலந்தலையின் கூர்மையான சத்தத்தில்தான் குறை. இடது பெட்டியின் ட்வீட்டர் 10 கிலோஹெர்ட்ஸில் மற்றதைவிட ஏழு டெசிபல் கீழே. டி.எஸ்.பி.யில் ஏற்றலாம்தான், ஆனால் ஏழு டெசிபல் என்றால் அந்த முக்கால் அங்குலச் சுருளுக்குள் ஐந்து மடங்கு வாட், எரிந்துவிடும். பழைய ஏஆர் ட்வீட்டர்களைப் பிரித்துச் சரிசெய்கிற ஒருவரிடம் பேசியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பஞ்சில் பொதிந்து தபாலில் அனுப்ப வேண்டும்.