ஏர்பஸ்ஸா, போயிங்கா?

“போயிங்ல பக்கத்து ஆள் கை என்ன பண்ணுதுன்னு என் கைக்கே தெரியும் சார்!”

திருச்சி ஏர்போர்ட் பக்கத்து டீக்கடையில் இன்று இரண்டு பைலட்டுகளுக்குள் வாக்குவாதம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

போயிங்காரர் சொன்னது சரிதான். போயிங் 737-இல் இரண்டு பைலட்டுகளின் யோக்கும் (விமானத்தைத் திருப்ப, ஏற்றி இறக்கப் பிடிக்கும் கைப்பிடி) இணைந்தவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் நகரும்.

ஏர்பஸ் ஏ320-இல் சைடுஸ்டிக் (அதே வேலைக்குப் பக்கவாட்டில் இருக்கும் சிறு குச்சி) தனித்தனி. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக் கணக்கெடுக்கும், ‘டூயல் இன்புட்’ என்று குரல் கொடுக்கும். சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் கட்டுப்பாடு ஒருவர் கைக்கு வரும்.

ஏர்பஸ்காரரும் விடவில்லை: “நார்மல் லா இருக்கும்வரை எவ்வளவு இழுத்தாலும் கம்ப்யூட்டர் ஸ்டால் ஆக விடாது சார்!”

அதுவும் உண்மை. நார்மல் லா என்பது கம்ப்யூட்டர் பாதுகாப்புகள் முழுதாக வேலை செய்யும் நிலை; ஸ்டால் என்பது மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கை தூக்குவிசையை இழப்பது. ஆனாலும் என் மனசு போயிங் பக்கம்தான். ஐப்பசி அடைமழையில், குறுக்குக் காற்றில் இறங்கும்போது பக்கத்துக் கையின் அசைவு தெரிவது சாதாரண விஷயமில்லை.