பெனின் சிட்டி பெண்களும் ஒரு சத்தியமும்

நைஜீரியாவில் எடோ மாநிலத்தின் தலைநகர் பெனின் சிட்டி. 1980களின் கடைசியில் இத்தாலிக்குப் போன பெண்கள் அனுப்பிய பணத்தில் அங்கே வீடுகள் எழும்பின. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுவதை ஒழுகுகிற தகரக் கூரைக்குக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம், தெரிந்தவள் ஒருத்தி வந்து "உன் மகளை அனுப்பு, சலூனில் வேலை இருக்கிறது" என்றால் அவள் என்ன செய்வாள்? அனுப்பத்தான் செய்வாள்.

கிளம்புவதற்கு முன் பெண்ணை, ஜூஜூ என்ற அந்த ஊர் மாந்திரீகச் சடங்குகளைச் செய்யும் பூசாரியிடம் கூட்டிப்போவார்கள். தலைமுடி, நகம், உள்ளாடை, சில சமயம் ரத்தமும் வாங்கிப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டு, பயணத்துக்கான கடனை அடைப்பேன், 'மேடம்' எனப்படும், அங்கே அந்தக் கடனை வசூலிக்கும் கடத்தல்காரப் பெண்ணைப் போலீஸில் காட்டிக்கொடுக்க மாட்டேன், மீறினால் புத்தி பேதலித்துச் சாவேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். சகாராவைத் தாண்டி, லிபியாவில் சீரழிந்து, படகில் கரை சேர்ந்த பிறகுதான் கடன் 30,000 யூரோ, 50,000 யூரோ என்பது பலருக்குப் புரியும். அதை அடைக்கத் தெருவில் நின்று உடலை விற்க வேண்டும்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் நம் ஊரில் எத்தனை பேர் கை நடுங்காமல் அணைப்பார்கள்? அந்தப் பெண்களில் பலர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அப்படியும் பயம் விடவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. கடத்தல் கும்பலிடமிருந்து தப்புகிறவர்களுக்குத் தங்கும் அனுமதி தர இத்தாலியில் 1998லேயே வழி செய்துவிட்டார்கள். நைஜீரியாவும் 2003இல் தனிச் சட்டம் போட்டது. ஆனால் வாயைத் திறந்தால் செத்துவிடுவோம் என்று நம்புகிறவள் எந்த அதிகாரியிடம் போய் என்ன சொல்வாள்?

2018 மார்ச் 9 அன்று பெனின் சிட்டியின் பாரம்பரிய அரசரான ஓபா இரண்டாம் எவுவாரே, பூசாரிகளை அரண்மனைக்கு வரவழைத்து, அந்தச் சத்தியங்கள் எதுவும் இனி செல்லாது என்று அறிவித்தார். அதோடு நிற்காமல், இனிமேல் கடத்தலுக்காகச் சத்தியம் வாங்குகிறவர்கள்மேல் சாபமும் போட்டார். செய்தி ஐரோப்பாவுக்குப் போனதும் மேடத்துக்குப் பணம் கட்ட மறுத்த பெண்கள் உண்டு. சாமி பேரைச் சொல்லிப் போட்ட முடிச்சை அவிழ்க்க, அந்தச் சாமியின் பேரில் பேசும் உரிமை உள்ளவரே வரவேண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் அரசாங்கங்கள் இன்னும் பத்து இருபது வருஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, சத்தியம் போயிற்று, சாப்பாட்டுக்கு? இத்தாலியில் கசெர்த்தா நகரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் காசா ரூத் என்ற இல்லம் இதில் எனக்குப் பிடித்த ஒன்று. தப்பி வந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்ததோடு, ஆப்பிரிக்கத் துணியில் பைகளும் மற்றப் பொருள்களும் தைத்து விற்கும் ஒரு கூட்டுறவையும் ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அதே மாதிரி சம்பளம் வரும் வேலை பெனின் சிட்டியிலேயே கிடைத்தால், சலூன் வேலை என்று ஆசை காட்டி வருகிறவளிடம் அந்த அம்மா "வேண்டாம், போ" என்று சொல்லிவிடலாம்.