கடையில் நன்றாக ஓடிய வைஃபை, வீட்டுக்கு வந்ததும் மறுபடி அறுந்தது

சாயங்காலமானால் என் லேப்டாப்பில் வைஃபை அறுந்து அறுந்து வரும். ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பேன், திரை உறைந்து நிற்கும். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. விடாமல் புகார் கொடுத்த பிறகு ஒருவர் வந்தார். தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டி, "லைன் பக்கா சார், உங்க லேப்டாப்லதான் பிரச்சினை" என்று புகாரை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

சரி என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வைஃபை கார்டு போயிருக்கும், இல்லையென்றால் போர்டு என்றார்கள். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பப் போனால், நாள் முழுக்க ஓடியது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, பார்த்ததற்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். அதோடு என்னிடம் கேட்காமலே விண்டோஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுத்திருந்தார்கள். சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போயின, ஆபீஸ் நெட்வொர்க்கில் வெளியிலிருந்து சேர உதவும் விபிஎன்னையும் புதிதாகப் போட வேண்டி வந்தது. யாராவது இதைச் செய்யச் சொன்னால் முதலில் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே சாயங்காலம் மறுபடி அறுந்தது. அப்புறம்தான் நானே உட்கார்ந்தேன்.

டிவைஸ் மேனேஜரில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன், டிரைவரைப் புதுப்பித்தேன். இரண்டாலும் பயனில்லை. உதவியது பிங் கட்டளைதான்: ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அது காட்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (என் வீட்டில் 192.168.1.1) இன்னொன்றில் வெளியே இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் ஓடவிட்டேன். ரவுட்டரிடமிருந்து பதில் ஒழுங்காக வந்து வெளியே மட்டும் அறுந்தால் கோளாறு லைனில். ரவுட்டரிடமிருந்தே பதில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். எனக்கு இரண்டும் சேர்ந்தே அறுந்தன. லேன் கேபிள் போட்டால் எதுவும் அறுவதில்லை. ஆக, சிக்கல் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில்தான்.

பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டோ பேக்கப்புக்காக வெளி ஹார்டு டிஸ்கைச் செருகினேன். இரண்டு மூன்று மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் நூற்றுக்கணக்குக்கு ஏறி, கடைசியில் வராமலே போனது. பிடுங்கினேன், சரியானது. மறுபடி செருகினேன், மறுபடி போனது. அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

என் டிஸ்க் போன்ற யூஎஸ்பி 3.0 சாதனங்கள் வேலை செய்யும்போது வெளிவிடும் மின்காந்த இரைச்சல் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது. ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் டிஸ்கோ, கவசம் சரியில்லாத கேபிளோ இருந்தால் ரவுட்டரின் சிக்னல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். நான் பேக்கப் எடுப்பது சாயங்காலம்தான். கடைக்கு டிஸ்கைக் கொண்டுபோகவில்லை, அதனால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது. எப்போது அறுகிறது, அந்த நேரத்தில் லேப்டாப்பில் என்னென்ன செருகியிருக்கிறது என்று லைன்காரரும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி என் காசையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

தீர்வுக்குச் செலவு ஒரு கேபிள்தான். நல்ல கவசமுள்ள யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி டிஸ்கை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும்; இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து, லேப்டாப்பை 5-இல் சேர்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் வலுவிழக்கும், பின் அறையில் எனக்குச் சரியாக எடுக்கவில்லை. அங்கே 2.4-தான். 2.4 அலைவரிசைக்குள் சேனல் என்று எண் போட்ட பிரிவுகள் உண்டு; பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் 6-ஆம் சேனலில் குவிந்திருந்ததால் என்னுடையதை 11-க்கு மாற்றினேன். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை, இடையில் உள்ள எண்களைத் தொடாதீர்கள்.

நேற்று பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டிங் முழுவதும் ஒரு தடவைகூட அறாமல் முடிந்தது. கார்டை மாற்ற வேண்டும் என்று உங்களிடமும் யாராவது சொன்னால், காசு கொடுப்பதற்கு முன்னால் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு தடவை பிங் ஓடவிட்டுப் பாருங்கள்.