மருதமரத்துக் கூடு

இன்று காலை ஜார்க்கண்டின் குச்சாயில், ஒரு மூதாட்டி என் உள்ளங்கையில் தசர் என்னும் காட்டுப்பட்டின் கூடு ஒன்றை வைத்தார்.

சிறு கோழிமுட்டை அளவு. அதன் உச்சியிலிருந்து நீண்ட காம்பு, சுள்ளியை மோதிரம்போல் இறுகச் சுற்றியிருந்தது. காற்றிலும் மழையிலும் கூடு விழாதிருக்கப் புழுவே பின்னிக்கொள்ளும் பிடி அது.

மல்பெரிப் புழுவைப்போல் இது வீட்டுத் தட்டில் வளர்வதில்லை. நீர்மருது, கருமருது மரங்களிலேயே இருந்து இலை தின்பதால், பறவைகள் கொத்தாதபடி குடும்பத்தில் ஒருவர் பகலெல்லாம் மரத்தடியில் காவல் இருக்க வேண்டும்.

மானாவாரி நெல் வீட்டுச் சோற்றுக்கே சரியாகிவிடும் அந்த மூதாட்டிக்கு, கையில் காசாக வருவது இந்தக் கூடுகள்தான். அதனாலேயே அந்த மரங்களில் கோடரி படுவதில்லை.

கூட்டை அப்படியே விற்காமல் நூலாக்கி விற்றால் அந்தக் கூலியும் ஊரிலேயே தங்கும். தொடையில் உருட்டி நூலெடுத்தே தோல் தடித்துப்போன அவர், மருமகள் இயந்திரத்தில் நூலெடுப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.