பேர்கன் பேச்சும் நொர்ஸ்க் பரீட்சையும்

நோர்வேயின் பேர்கன் நகரில் இருந்துகொண்டு நொர்ஸ்க் (நோர்வே மொழி) பரீட்சையில் பி1, பி2 என்ற இடைநிலைகளுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்த வகுப்பில் போட்ட ஒலிப்பதிவெல்லாம் அநேகமாக ஒஸ்லோப் பேச்சு. பஸ்ஸிலும் வேலையிடத்திலும் காதில் விழுந்தது வேறு. இதனாலேயே பலர் ஊர்ப்பேச்சை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தோடு இருந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எங்கே அது கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்தால் போதும்.

கேள்விச் சொற்கள் சுலபம். புத்தகத்தின் 'வா' (என்ன), 'வெம்' (யார்), 'வூர்' (எங்கே) இங்கே 'கா', 'கெம்', 'கூர்'. 'யெய்' (நான்) என்பது 'ஏக்' ஆகும்.

உண்மையான வரம் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. நோர்வேயின் பெரும்பாலான வட்டார வழக்குகளில் சொற்களுக்கு மூன்று பால் உண்டு. பேர்கனில் பெண்பால் கிடையாது. ஒஸ்லோக்காரர் பலர் 'பூகா' என்னும் புத்தகம் இங்கே 'பூகன்'. 'யென்டா' என்னும் சிறுமி 'யென்டன்'. சுமார் 1360 முதல் 1754 வரை பேர்கன் துறைமுகத்தின் பிரிக்கன் பகுதியில் ஹன்சா என்ற ஜேர்மன் வணிகக் கூட்டமைப்பின் அலுவலகம் இருந்தது. அந்த வணிகர்கள் பேசிய கீழ் ஜேர்மனோடு (வட ஜேர்மனிப் பேச்சு) நூற்றாண்டுகளாகப் பழகியதே இதற்குக் காரணம் என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நமக்கு வேண்டியது இதுதான்: நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான பூக்மோலும் இந்த இருபால் முறையை ஏற்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன் வந்து பாலைக் காட்டும் 'என்', 'எத்' இரண்டை மட்டும் மனப்பாடம் செய்து எழுத்துப் பரீட்சைக்குப் போகலாம். ஒரு பந்தியில் 'பூகா', அடுத்ததில் 'பூகன்' என்று மட்டும் கலக்காதீர்கள்.

இன்னொரு உதவி ரகர ஒலியில். பேர்கன்காரர் அதைத் தொண்டையில் உருட்டுவார்கள். நாம் அப்படிச் செய்யத் தேவையில்லை, நம்முடைய 'ர' எல்லோருக்கும் விளங்கும். ஒஸ்லோவில் ரகரமும் அடுத்த மெய்யும் சேர்ந்து உருமாறும்: 'பார்ன்' (குழந்தை) என்பது 'பாண்' போலவும் 'நொர்ஸ்க்' என்பது 'நொஷ்க்' போலவும் கேட்கும். பேர்கனில் இரண்டு ஒலியும் தனித்தனியே நிற்கும். கேட்டபடியே எழுதினால் எழுத்துக்கூட்டல் சரியாக வரும்.

காலை வாருவது 'ஹ்ய' போன்ற மென்மையான ஒலி. இளையவர்கள் அதை 'ஷ' என்றே சொல்கிறார்கள். நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி 'ஹ்யீனு' என்று சொல்லும் சினிமாவை, அவரைப் பார்க்க வரும் பேத்தி 'ஷீனு' என்கிறாள். இரண்டு ஒலிக்கும் எழுத்து வேறு, ஆகவே பேத்தியின் உச்சரிப்பை நம்பி எழுதினால் பிழை. இந்த ஒலியில் தொடங்கும் சொற்களை அகராதி பார்த்து எழுத்தோடு பாடமாக்குங்கள்.

அடுத்தது எஸ்எம்எஸ். இங்குள்ளவர்கள் 'கூர் ஏ டு?' (எங்கே இருக்கிறாய்?) என்று பேசுகிறபடியே அனுப்புவார்கள். அது கையில் ஒட்டிக்கொள்ளும். 'ஏக்', 'இக்யே' (இல்லை) என்பவை மற்ற எழுத்து வடிவமான நீநொர்ஸ்கில் சரியான எழுத்து, பூக்மோல் விடைத்தாளில் பிழை. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் நண்பர்களுக்கும் பூக்மோலிலேயே பதில் எழுதுங்கள்.

காதைப் பழக்க நோர்வே அரச ஒலிபரப்பின் இந்தப் பகுதிச் சேவையான என்ஆர்கே வெஸ்ட்லான்ட் கேளுங்கள். பேர்கனின் கால்பந்து அணியான பிரானின் ஆட்டம் முடிந்ததும் வரும் பேட்டிகள் மிக நல்லவை. சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வரும்.

வாய்மொழிப் பரீட்சையில் 'கா', 'ஏக்' என்று தாராளமாகப் பேசுங்கள். அது நோர்வேக்காரர் பேசும் நொர்ஸ்க்தான். கூட இருக்கும் பரீட்சார்த்தி வேறு ஊர்ப் பேச்சில் கேட்டது விளங்காவிட்டால், திரும்பச் சொல்லச் சொல்லி உடனே கேளுங்கள்.