மரம் வெட்டுற வேலைக்கு ஆர்போரிஸ்ட் பேப்பர் எடுத்த கதை

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் மரம் வெட்டுற, புல் வெட்டுற காண்ட்ராக்ட் எடுக்கிற தம்பிங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அண்ணே அந்த ஆர்போரிஸ்ட் பேப்பர், அதான் மரம் பராமரிக்கத் தெரிஞ்சவர்னு கொடுக்கிற சர்ட்டிபிகேட், எப்படி எடுத்தீங்க, எடுத்தா காசு வருமான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு, இது லைசென்ஸ் கிடையாது. ஐ.எஸ்.ஏ., அதாவது இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர்னு 1924ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு சங்கம், அவங்க கொடுக்கிறதுதான் இந்த 'சர்ட்டிபைட் ஆர்போரிஸ்ட்'. கயிறு போட்டு ஏறத் தெரியுமா, செயின்சா பிடிக்கத் தெரியுமான்னு இதுல யாரும் பார்க்க மாட்டாங்க, ஏறுறவங்களுக்கு வேற பரீட்சை இருக்கு. இது முழுக்க மண்டையில என்ன இருக்குன்னு பார்க்கிறது.

பரீட்சைக்கு உட்காரணும்னா 3 வருஷம் ஃபுல்டைம் மர வேலை செஞ்சிருக்கணும், படிப்பு இருந்தா கொஞ்சம் குறையும். நமக்கு வேலைக்கு என்ன பஞ்சம், பேப்பருக்குத்தான் பஞ்சம். நம்ம ஆளுங்க வேலை எடுக்கிறதே வாய்ப்பேச்சுலதான், காசு கையில வாங்கிட்டு லோரிய எடுத்துட்டு போயிடுவோம், எவன் இன்வாய்ஸ் எழுதுறான்? பழைய காண்ட்ராக்ட் பேப்பர், கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன், யார் யாருக்கு வேலை செஞ்சோமோ அவங்ககிட்ட லெட்டர்னு அலைஞ்சு சேர்க்க வேண்டியதா போச்சு. ஒரு அபார்ட்மெண்ட் மேனேஜ்மெண்ட்ல நாளைக்கு வா நாளைக்கு வான்னு சொல்லி கடைசி வரைக்கும் லெட்டர் தரவே இல்ல. பரீட்சைய விட இதுதான் கடுப்பு.

படிப்பு மொத்தம் பத்து தலைப்பு. மரத்தோட உடம்பு, மண்ணு, நடுறது, கிளை வெட்டுறது, நோய், கட்டடம் கட்டுற இடத்துல மரத்தைக் காப்பாத்துறது, எந்த மரம் விழும்னு பார்க்கிறது, வேலை பாதுகாப்பு, அப்படியே போகும். எல்லாம் இங்கிலீஷ், நான் படிச்சது தோட்டத்து தமிழ்ப்பள்ளி, அதுக்கப்புறம் மலாய். நான் என்ன செஞ்சேன்னா ஒரு நோட்டுல ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பார்த்த மரத்தையே எழுதி வெச்சேன், இன்க்ளூடட் பார்க், அதாவது கவட்டைக்குள்ள பட்டை மாட்டிக்கிறதுன்னு வந்தா ஆஸ்பத்திரி ரோட்டுல ரெண்டா பிளந்து நிக்குதே அந்த தூங்குமூஞ்சி மரம், அந்த கவட்டைன்னு. பனியில மரம் வெடிக்கிறது, ரோட்டுல பனி கரைக்கப் போடுற உப்பு வேர கெடுக்கிறது எல்லாம் வரும், சுங்கை சிப்புட் வெயில்ல உட்கார்ந்து அதைப் படிக்கிறப்ப சிரிப்புதான் வரும், ஆனா படிச்சுத்தான் ஆகணும்.

சுலபமா ஏறினது மரத்தோட உடம்புப் பாடம். அப்பா கித்தா மரத்துல, அதாவது ரப்பர் மரத்துல பால் வெட்டினவர். பட்டையில மட்டும் கத்தி போகணும், உள்ள கட்டையில பட்டா காயமாகி பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், திரும்ப அந்த பக்கம் பால் வெட்ட முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, தோட்டத்துல வளர்ந்த எல்லார் வீட்டுலயும் கேட்ட பேச்சுதான். புஸ்தகத்துல கேம்பியம்னு ஒரு மெல்லிசான அடுக்கு போட்டிருந்துச்சு, பார்த்தா அப்பா சொன்ன அதே இடம். அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான மரத்தை செயின்சாவால நெடுக்கா பிளந்து பார்த்திருக்காரு. மரத்துக்கு நம்ம தோல் மாதிரி காயம் ஆறாது, கெட்ட இடத்தைச் சுத்தி சுவர் கட்டி அடைச்சிட்டு அதுக்கு மேல புதுசா வளருமாம். அதனாலதான் கிளைய அடிமரத்தோட ஒட்ட வெட்டக் கூடாது, அடியில மோதிரம் போட்ட மாதிரி வீங்கியிருக்குமே அதைத் தொடாம அதுக்கு வெளிய வெட்டணும். வெட்டின இடத்துல நம்ம ஊர்ல கறுப்பு பெயிண்ட் அடிப்பாங்களே, அது அழுகலை நிறுத்தாது, பார்க்க அழகா இருக்கும் அவ்வளவுதான்.

பரீட்சை கே.எல்.ல, அதாவது கோலாலம்பூர்ல, கம்ப்யூட்டர் சென்டர்ல. 200 கேள்வி, மூணரை மணி நேரம், விடைய தேர்ந்தெடுத்து அமுக்கணும். நேரம் பத்தும், அவசரப்படாதீங்க. பாதுகாப்புக் கேள்வியில அடிச்சு தூக்கிடலாம், வேலை செஞ்சவனுக்கு அது தண்ணி பட்டபாடு. மண்ணு பத்தின கேள்விதான் எனக்கு கண்ணைக் கட்டிருச்சு.

சரி, காசு வருமா? வீட்டு வேலைக்கு வராது. தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, ஒரு அங்கிள் மாமரத்தை வெட்டக் கூப்பிட்டா எவ்வளவுன்னுதான் கேட்பாரு, சர்ட்டிபிகேட் கேட்க மாட்டாரு, பக்கத்துல ஒருத்தன் கம்மியா சொன்னா அவன்கிட்ட போயிடுவாரு. எனக்கு மாறினது வேற இடத்துல. ஒரு கோயில் கமிட்டியில அரச மரத்தை மொட்டையடிக்கணும்னு நின்னாங்க, கிளை கூரை மேல விழுந்திரும்னு பயம். மொட்டையடிச்சா வெட்டின வாயில இருந்து கொத்துக் கொத்தா கிளை கிளம்பும், அதுக்கு பிடிமானம் பத்தாது, பின்னாடி அதுதான் ஒடிஞ்சு விழும்னு பல வருஷமா நானும் எல்லா இடத்துலயும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன், எவனும் காதுல போட்டுக்கல. அன்னைக்கு அதையே ரிப்போர்ட்டா, ஃபோட்டோவோட, கீழ சர்ட்டிபிகேட் நம்பர் போட்டு கொடுத்தேன், தலைவர் கண்ணாடி போட்டுப் படிச்சிட்டு சரி தம்பி நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடுங்கன்னுட்டாரு. கூரைப் பக்கம் போன ரெண்டு கிளையோட வேலை முடிஞ்சுது. பேச்சு அதே பேச்சுதான் பாருங்க.

2024 மே 7ல கே.எல். ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல பெரிய மரம் விழுந்து ஒருத்தர் செத்து, 17 வண்டி நசுங்கிச்சே, அதுக்கப்புறம் ஸ்கூல், கிளப், ஃபேக்டரிக்காரங்க எல்லாம் எங்க மரத்தையும் வந்து பாருங்கன்னு கூப்பிடுறாங்க. பார்க்கிறதுக்கு மட்டும் காசு கொடுக்கிறாங்க, வெட்டாமயே! இன்னொண்ணும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, 1976ஆம் வருஷத்து நகர், கிராமத் திட்டச் சட்டம், ஆக்டா 172, அதுல சுத்தளவு 0.8 மீட்டருக்கு மேல இருக்கிற மரத்தை மஜ்லிஸோட, அதாவது ஊர் நகராட்சியோட, எழுத்து அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு இருக்கு. செத்த மரம், உடனே விழப்போற மரத்துக்கு விலக்கு உண்டு. கஸ்டமர் வெட்டுன்னு சொன்னா போதும்னு நினைக்காதீங்க.

செலவு டாலர்ல, ரிங்கிட் விழுந்தா நமக்கு அடி. 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்குள்ள 30 பாயிண்ட் சேர்க்கணும், வெபினார் பார்த்தா கொஞ்சம் வரும்.

இங்கிலீஷ் ரொம்ப இடிக்குதுன்னா எஸ்.கே.எம்., அதாவது மலேசியத் திறன் சர்ட்டிபிகேட் பாருங்க, லேண்ட்ஸ்கேப் துறைக்கும் இருக்கு, அரசாங்கத்தோட திறன் மேம்பாட்டுத் துறை ஜே.பி.கே. கொடுக்கிறது, மலாய்லயே போகலாம். அனுபவம் இருக்கிறவங்க கிளாஸ் போகாம போர்ட்ஃபோலியோ கொடுத்து எடுக்கிற வழிக்கு பி.பி.டி.ன்னு பேரு. டெண்டர் எடுக்கிற ஆசை இருக்கிற தம்பிங்களுக்கு நான் முதல்ல அதைத்தான் சொல்வேன். எது எடுத்தாலும் சரி, இன்னையில இருந்து ஒவ்வொரு வேலைக்கும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, பின்னாடி ஒரு ஃபோட்டோ எடுங்க, ரசீது ஒண்ணு எழுதி அதோட காப்பிய ஃபைல்ல போட்டு வைங்க.