ஒற்றுப் பிழை

நவம்பர் வந்தால் எங்கள் வங்கிக் கிளையில் உட்கார இடம் கிடைக்காது. மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். 2014இல் அதை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் வந்ததிலிருந்து விரலை வைத்தால் போதும் என்று பேர். வயதானவர்கள் விரலில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் ஏற்காது. துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வோம்.

அப்படி ஒரு நவம்பரில்தான் அந்தத் தமிழய்யாவிடம் தப்பாகப் பேசிவிட்டேன். ரயில்வே பள்ளியில் வேலை பார்த்தவர். சர்டிபிகேட் கொடுத்த மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வரிசை வாசல்வரை நிற்க, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டேன்: "முந்தாநாள்தானே சார் கொடுத்தீங்க, ஞாபகம் இல்லையா?" யாரோ சிரித்தார்கள். அவர் பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைக்கப் பார்த்தார். பையின் வாய் கைக்கு அகப்படவே இல்லை.

மறுவாரம் அவர் மனைவி வந்தார். சண்டை போடவில்லை. "தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாச்சு தம்பி. அதனால வந்த மறதின்னா மருந்துல சரியாகுமாம். இது அல்சைமர்னு சொல்லிட்டாங்க. வலது காதும் கேக்காது. ஞாபகம் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. காலமெல்லாம் பரீட்சை வெச்ச மனுஷன், இப்ப அவரைப் பரீட்சையில உக்கார வெச்ச மாதிரி பயந்துடுறாரு."

அதன்பிறகு அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். பணம் எடுக்கணுமா, பாஸ்புக் போடணுமா, செக்புக் வேணுமா என்று ஒரே மூச்சில் கேட்டே பழகியவன் நான். கவுண்டர் வேலை அப்படி. ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து விநாடி ஆகும், பதில் வரும். நடுவில் நாம் வாயைத் திறந்தால் அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

கையெழுத்தும் மாறிப்போனது. கையெழுத்துப் போட முடியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், இரண்டு சாட்சியில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கணும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 70 தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை செய்யச் சொல்லி 2017இல் சுற்றறிக்கையும் வந்தது. சரி, வீட்டுக்கே வருகிறோம் என்றோம். அம்மா மறுத்துவிட்டார். "பேங்குக்குப் போறோம்னாதான் சலவைச் சட்டை எடுத்துப் போடுறாரு. அதைக் கெடுத்துடாதீங்க."

வந்த வேலை முடிந்ததும் தேதி, தொகை, என் பெயர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். திரும்பி வரலாமா என்று படிக்கட்டில் தயங்கும்போது எடுத்துப் படிப்பார், அப்புறம் போய்விடுவார்.

போன மாதம் 'ஓய்வூதிய தொகை வரவு' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. நூல் கட்டித் தொங்கும் கவுண்டர் பேனாவை இழுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவே சின்னதாக ஒரு 'த்' போட்டார். சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"வல்லினம் மிகும். திரும்ப எழுது."

எழுதினேன்.